‘ஆரிஜின்ஸ் மாதிரி வேண்டும்’ என்பவர்களுக்கும் ‘அதெல்லாம் பழசு’ என்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

டிராகன் ஏஜ் ரசிகர்களுக்கு,

வணக்கம். இந்த மடல் டிராகன் ஏஜ் வீடியோ கேம் தொடரைச் செய்யும் பயோவேருக்கு எழுதியதில்லை. எட்மண்டனில் இருக்கும் அந்த ஸ்டூடியோவுக்கு நாம் எழுதியது போதும். அங்கே இப்போது படிக்கக்கூட ஆள் குறைவு. இது நமக்குள் பேச வேண்டியது. 2009இல் முதல் பாகமான ஆரிஜின்ஸோடு வந்தவர்கள், 2014இல் மூன்றாம் பாகமான இன்குவிசிஷன் வழியாக உள்ளே நுழைந்தவர்கள், 2024 அக்டோபர் 31 அன்று நான்காம் பாகமான வெய்ல்கார்டில்தான் முதன்முதலாகக் கதை நடக்கும் தேடாஸ் உலகத்தைப் பார்த்தவர்கள் என்று எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பதினைந்து வருடமாக நமக்குள் ஒரே சண்டைதான். புதுப் பாகம் வரும். சண்டை போடும் முறை மாறியிருக்கும். ஒரு கூட்டம் ‘ஆரிஜின்ஸைக் கொன்றுவிட்டார்கள்’ என்று கொதிக்கும். இன்னொரு கூட்டம் ‘உங்களுக்கு எதை மாற்றினாலும் பிடிக்காது’ என்று திருப்பிக் கொடுக்கும். ஆறு மாதம் கழித்து, முந்தைய பாகத்தைத் திட்டியவர்களே அதைப் பொற்காலம் என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். இரண்டாம் பாகத்துக்கு அது நடந்தது. இன்குவிசிஷனுக்கும் நடந்தது. வெய்ல்கார்டுக்கும் நடக்கும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். 2011இல் இரண்டாம் பாகம் வந்தபோது நமக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் அந்தக் கோபத்துக்குள் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருந்தன. பயோவேர் வேண்டுமென்றே, யோசித்து மாற்றியவை ஒரு வகை. நேரம் பற்றாமல் அரைகுறையாக விட்டவை இன்னொரு வகை. நாம் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வீசினோம். மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர்கள் தங்களுக்குத் தோன்றியதை எடுத்துக்கொண்டார்கள். அதன் பலனைத்தான் இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஆரிஜின்ஸ். 2004இல் அறிவித்து, 2009 நவம்பரில் வந்த கேம். தன் பழைய கேம் தொடரான பால்டர்ஸ் கேட்டின் வாரிசு என்று பயோவேரே சொல்லித்தான் விற்றது. அதன் சண்டை எப்படி இருந்தது என்பதைப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கதவைத் திறக்கிறீர்கள், உள்ளே எட்டுப் பேர். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எல்லாம் நின்றுவிடும். பிசியில் கேமராவை மேலே தூக்கி, அறை முழுவதையும் கூரையிலிருந்து பார்ப்பதுபோலப் பார்க்கலாம். கூட வரும் அலிஸ்டரைக் கேடயத்தோடு கதவிடுக்கில் நிறுத்துவீர்கள். மந்திரக்காரி மோரிகன் பக்கவாட்டில் போய் கோன் ஆஃப் கோல்ட் என்ற குளிர் மந்திரம் போடுவாள். முன்வரிசை பனிக்கட்டியாக உறையும். ஸ்டோன்ஃபிஸ்ட் ஒன்றை விட்டால் உறைந்தவன் சுக்குநூறாகச் சிதறுவான். அவசரப்பட்டு அதே இடத்தில் ஃபயர்பால் போட்டால் அலிஸ்டரும் சேர்ந்து எரிவான். நார்மல் லெவலிலேயே பாதி அடி நம் ஆளுக்கும் விழும். ஹார்டில் முழு அடி.

அதற்கு மேல் டாக்டிக்ஸ் பட்டியல் ஒன்று இருந்தது. ‘உயிர் பாதிக்குக் கீழே போனால் மருந்து குடி’, ‘மேஜ் (மந்திரவாதி) கண்ணில் பட்டால் முதலில் அவனைத் தாக்கு’ என்று ஒவ்வொரு கூட்டாளிக்கும் வரிவரியாக எழுதி வைக்கலாம். நன்றாக எழுதி வைத்தால் சண்டை கையைத் தொடாமலே நடக்கும். சிலருக்கு அந்தப் பட்டியலைச் செதுக்குவதுதான் கேமே.

இதைப் படித்துவிட்டுப் பழைய ஆட்கள் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். ஆரிஜின்ஸில் ஒரு எதிரியை அடிக்கச் சொன்னால் நம் ஆள் இரண்டடி இந்தப் பக்கம், ஓரடி அந்தப் பக்கம் என்று இடம் பிடித்துக்கொண்டே நிற்பான். அதற்குள் எதிரி நகர்ந்திருப்பான். பெரிய வாளை ஓங்கினால் அது இறங்குவதற்குள் தேநீர் போட்டுவிடலாம். மேஜ் மட்டும் வேறு கேம் ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு மேஜ் இருந்தால் பாதி சண்டை தொடங்கும்போதே முடிந்துவிடும். டீப் ரோட்ஸ் என்ற பாதாளப் பாதை முடியவே முடியாது. சர்க்கிள் டவரில் ஃபேட் என்ற கனவுலகத்துக்குள் அலையும் பகுதியை மொத்தமாகத் தாண்டிப் போக ஒரு மாட், அதாவது கேமை மாற்றும் சிறு நிரல், செய்து வைத்தார்கள் ரசிகர்கள். அந்தத் தொடரின் மிகப் புகழ்பெற்ற மாட்களில் அதுவும் ஒன்று. புனித நூலில் யாரும் பக்கத்தைக் கிழிக்க மாட்டார்கள் இல்லையா? கிழித்தோம். அதனால் ஆரிஜின்ஸைத் தொடவே கூடாது என்ற பேச்சை விட்டுவிடலாம்.

கன்சோலில் ஆடியவர்களுக்கு அந்தக் கூரைக் கேமராவே கிடையாது என்பதையும் நினைவுபடுத்துகிறேன். ‘இரண்டாம் பாகத்தில் கேமராவைப் பிடுங்கிவிட்டார்கள்’ என்று பிசிக்காரர்கள் கத்தியபோது, ‘எந்தக் கேமரா?’ என்று எக்ஸ்பாக்ஸ்காரர்கள் உண்மையாகவே கேட்டார்கள். ஒரே கேமின் ரசிகர்கள், ஆடியது இரண்டு கேம்.

இனி 2011 மார்ச் 8. ஒன்றரை வருடத்துக்கும் குறைவான நேரத்தில் செய்து முடித்த கேம் இரண்டாம் பாகம். ஆரிஜின்ஸ் எடுத்துக்கொண்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். பயோவேரின் முதலாளி நிறுவனமான ஈஏவின் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. தேதி ஏன் அங்கே போய் விழுந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

யோசித்துச் செய்த மாற்றங்கள் எவை? சண்டையின் வேகம். மேஜ் கோலைச் சுழற்றி அடிப்பதைப் பார்க்கவே அழகு. மறைந்து தாக்கும் ரோக் ஒரே தாவலில் எதிரியின் முதுகுக்குப் பின்னால் இருப்பான். பட்டனை அழுத்தினால் உடனே ஏதாவது அசத்தலாக நடக்க வேண்டும் என்ற பொருளில் பயோவேர் தரப்பு சொன்னதை நாம் எவ்வளவு கிண்டல் செய்தோம்! ஆனால் ஆரிஜின்ஸின் தள்ளாட்டத்தைப் பார்த்த எவரும் அந்த ஆசையைத் தப்பு என்று சொல்ல முடியாது. அப்புறம் வாரியர், மேஜ், ரோக் என்ற மூன்று வகுப்பும் சேர்ந்து போடும் காம்போ: வாரியர் தடுமாற வைப்பான், மேஜ் நொறுங்க வைப்பான், ரோக் குழப்புவான், அடுத்தவன் வந்து அதன்மேல் அடித்தால் பலமடங்கு அடி. ஆரிஜின்ஸில் ஸ்பெல் காம்போக்களை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதில் மூன்று வகுப்பும் ஒன்றுக்கொன்று தேவை என்று ஆக்கினார்கள். டாக்டிக்ஸ் பட்டியலும் அப்படியே இருந்தது. ‘மூளையில்லாத ஆக்‌ஷன் கேம்’ என்று எழுதியவர்கள் அந்தத் திரையைத் திறந்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

நாம் ஆடும் நாயகப் பாத்திரமான ஹாக்குக்குக் குரல் கொடுத்தது, மனிதனாக மட்டுமே ஆட முடிவது, பதிலைத் தேர்ந்தெடுக்கும் வசனச் சக்கரம், கூட்டாளிகளின் கவசத்தை நம்மால் மாற்ற முடியாதது — இவையும் யோசித்துச் செய்தவைதான். இவற்றில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. குறிப்பாகக் கவசம்: பெட்டியைத் திறந்தால் அருமையான கவசம் கிடைக்கும், அதைப் போட்டுக்கொள்ள ஹாக்கைத் தவிர ஆள் இருக்காது, ஹாக் வேறு வகுப்பு, நேரே கடைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் இவை கருத்து வேறுபாடுகள். இவற்றைப் பற்றி வாதாடலாம்.

வாதாடவே இடமில்லாதவை வேறு. குகை. ஒரே குகை. கடலோரத்தில் இருந்தாலும் அதே குகை, மலையில் இருந்தாலும் அதே குகை, முதல் அங்கத்திலும் அதே, மூன்றாவதிலும் அதே. ஒரு தடவை வலதுபக்கக் கதவைக் கல் வைத்து அடைத்திருப்பார்கள். அடுத்த தடவை இடதுபக்கத்தை. மினிமேப்பைப் பார்த்தால் அடைத்த கதவுக்குப் பின்னால் இருக்கும் அறைகளெல்லாம் பளிச்சென்று தெரியும்! அதை மறைக்கக்கூட நேரமில்லாமல் போயிருக்கிறது. கிர்க்வால் நகரத்தில் ஏழு வருடக் கதை ஓடுகிறது, அதன் ஏழைப் பகுதியான லோடவுனில் ஒரு கடைப்பலகைகூட நகரவில்லை.

அலை அலையாக வரும் எதிரிகள் அதைவிட மோசம். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் சண்டையின் மையமே இதுதான், நாம்தான் அதைச் சரியாகச் சொல்லவில்லை. இரவு நேரத்தில் நகரின் ஹைடவுன் பகுதியில் நடக்கிறீர்கள். ஐந்து பேர் வருகிறார்கள். சண்டையை நிறுத்துகிறீர்கள், கேடயக்காரி அவெலினை முன்னால் வைக்கிறீர்கள், மேஜ் மெரிலைப் பின்னால் படிக்கட்டில் நிறுத்துகிறீர்கள். எல்லாம் சரியாகப் போகிறது. கடைசி ஆள் விழும்போது, கூரையிலிருந்து இன்னும் ஆறு பேர் குதிக்கிறார்கள், சரியாக மெரிலின் தலைமேல். அவர்களை முடித்தால் இன்னொரு கூட்டம், இப்போது வேறு மூலையிலிருந்து. எதிரி எங்கிருந்து வருவான், எத்தனை பேர் என்று தெரியாத சண்டையில் யாரை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. கதவிடுக்கில் அலிஸ்டரை நிறுத்திய அந்தச் சுகம் போனதற்குக் காரணம் வேகம் இல்லை, பட்டன் இல்லை, ‘அசத்தல்’ இல்லை. அலைகள்தான். சின்ன அறைகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டியிருக்கும்போது, சண்டையை நீட்ட ஆட்களைக் கொட்டுவதுதான் சுலபமான வழி. குகையும் அலையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்பது என் கணிப்பு.

நாம் என்ன சொன்னோம்? ‘சண்டையை எளிமையாக்கிக் கெடுத்துவிட்டார்கள்.’ அவ்வளவுதான். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்றால் உப்பில்லை என்று சொல்ல வேண்டும். ‘சாப்பாடே சரியில்லை’ என்று இலையை மூடிவிட்டுப் போனால் சமையல்காரர் மறுநாள் பாயாசத்தைத்தான் மாற்றுவார்.

பாயாசத்தைத்தான் மாற்றினார்கள். இன்குவிசிஷன் வந்தது, 2014 நவம்பர். ‘இடம் குறைவு’ என்றவர்களுக்கு இடம்: ஹின்டர்லேண்ட்ஸ் என்று ஒரு பகுதி, அதற்குள் கேமே தொலைந்துபோகும் அளவுக்குப் பெரிது. ‘முதலில் ஹின்டர்லேண்ட்ஸை விட்டு வெளியே போ’ என்பதுதான் இன்றும் புதியவர்களுக்கு நாம் சொல்லும் முதல் அறிவுரை. ‘கேமரா எங்கே’ என்றவர்களுக்குக் கேமரா வந்தது, ஆனால் மரத்திலும் கூரையிலும் முட்டிக்கொண்டு நிற்கும் கேமரா. இனம் தேர்ந்தெடுக்கும் வசதி திரும்பியது. குகை எதுவும் திரும்ப வரவில்லை, சந்தோஷம். அந்த வருடம் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருதும் வாங்கியது.

ஆனால் டாக்டிக்ஸ் பட்டியல் போய்விட்டது. அதன் இடத்தில் இருந்தது ‘இந்த ஸ்கில்லைப் பயன்படுத்து, பயன்படுத்தாதே, அடிக்கடி பயன்படுத்து’ என்ற அளவில் ஒன்று. ஒருவருக்கு எட்டே ஸ்கில். லெவல் ஏறும்போது ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டிக்குப் புள்ளி போடுவதும் நம் கையை விட்டுப் போனது. குணப்படுத்தும் மந்திரமும் இல்லை. இரண்டாம் பாகத்தில் இருந்தவை இவை! நாம் ‘எளிமையாக்கிவிட்டார்கள்’ என்று திட்டிய கேமில் இருந்தவை, அடுத்த பாகத்தில் உண்மையாகவே எளிமையாகிப் போயின. யாரும் 2011இல் ‘பட்டியல் நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்’ என்று எழுதவில்லை. அதனால் அதைக் காப்பாற்றவும் யாருக்கும் தோன்றவில்லை.

அதைவிட எனக்கு வருத்தம் ரைவல்ரி, அதாவது கூட்டாளியோடு போட்டி, போனதுதான். ஆரிஜின்ஸில் கூட்டாளிக்குப் பிடிக்காததைச் செய்துவிட்டால் ஒரு பரிசைக் கொடுத்துச் சரிக்கட்டலாம். ஸ்டென் கொலைவெறியில் இருந்தாலும் ஒரு ஓவியத்தைக் கையில் வைத்தால் இளகுவான். இரண்டாம் பாகத்தில் நட்பு ஒரு திசை, போட்டி எதிர்த்திசை. இரண்டில் எதில் முழுதாகப் போனாலும் அவர்களுக்கு ஒரு பலம் கிடைக்கும். மேஜ்களுக்காகப் பேசும் ஹாக்கை, மேஜ்களை வெறுக்கும் கூட்டாளி ஃபென்ரிஸ் கதை முழுக்க எதிர்ப்பான். அப்படியே போட்டி உச்சிக்குப் போனால், ஹாக்கோடு ஒத்துப்போகாமலே, மதித்துக் கூட நிற்பான். காதல்கூட அந்த வழியில் நடக்கலாம். ஒத்துப்போகாத ஒருவர் நம் பக்கம் நிற்கலாம் என்பதைக் கேம் விதியாகவே எழுதிக் காட்டிய இடம் அது. இன்குவிசிஷனில் பழையபடி ‘கொஞ்சம் பிடித்தது’, ‘ரொம்பப் பிடிக்கவில்லை’ என்று திரையோரத்தில் ஒரு வரி. நாம் வீசிய மூட்டைக்குள் இதுவும் இருந்தது. நல்லது என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் அதுவும் குப்பையோடு போனது.

‘மாற்றியதால்தான் கோபம்’ என்பவர்களுக்கு ஒரு கேள்வி. இதே பயோவேர், இதே காலகட்டத்தில், 2010 ஜனவரியில் மாஸ் எஃபெக்ட் 2 கொண்டு வந்தது. இன்வென்டரியை, அதாவது சேகரித்த பொருட்களை வைக்கும் பட்டியலை, மொத்தமாகத் தூக்கினார்கள். மேக்கோ வண்டியைத் தூக்கினார்கள். சூடாகி நிற்கும் துப்பாக்கிக்குப் பதிலாகத் தெர்மல் கிளிப் என்று தோட்டா கணக்கு வந்தது, கதைப்படி பார்த்தால் தொழில்நுட்பம் பின்னோக்கிப் போனது மாதிரி. இது ஆர்பிஜியா (பாத்திரமாக வாழ்ந்து ஆடும் கேமா), ஷூட்டரா (சுடும் கேமா) என்று அப்போதும் அடித்துக்கொண்டோம். கடைசியில் பெரும்பாலானவர்கள் அதைத்தான் தொடரின் உச்சம் என்கிறார்கள். மாற்றம் சின்னதா? இரண்டாம் டிராகன் ஏஜை விடப் பெரிது. வித்தியாசம், அதை முழுதாகச் செய்து முடித்தார்கள். பால்டர்ஸ் கேட் 3 கதையும் இதுதான்: ஓடும் சண்டையை நிறுத்தி நிறுத்தி ஆடிய தொடரை லேரியன் ஸ்டூடியோ முறைவைத்து ஆடும் ஆட்டமாக மாற்றியது, 2020இல் பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், 2023இல் முழு கேம் வந்ததும் முணுமுணுப்பு அடங்கியது. லேரியனுக்கு ஆரம்ப அணுகலில் (முழுமையாகாத கேமை முன்பே ஆடக் கொடுக்கும் கட்டத்தில்) மட்டும் ஏறக்குறைய மூன்று வருடம் கிடைத்தது.

இப்போது நம் அசிங்கமான பக்கம்.

இரண்டாம் பாகம் வந்த வாரத்தில் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் பூஜ்யம் மதிப்பெண்களாகக் கொட்டினோம். விமர்சகர்கள் பிசி பதிப்புக்கு நூற்றுக்கு 82 கொடுத்தபோது, ரசிகர் மதிப்பெண் அதல பாதாளத்தில் கிடந்தது. மறுபக்கம், பயோவேர் ஊழியர் ஒருவரே தன் கேமுக்குப் பத்துக்குப் பத்து போட்டுப் புகழ்ந்து எழுதிப் பிடிபட்டார். செய்தவர்கள் தங்கள் கேமுக்கே வாக்களிப்பது சகஜம், ஒபாமாகூடத் தேர்தலில் தனக்குத்தானே போட்டிருப்பார் என்ற பாணியில் ஈஏ தரப்பு விளக்கம் சொன்னது. சிரிக்கத்தான் முடிந்தது. ஆனால் பூஜ்யமும் பத்தும் ஒரே மாதிரி உபயோகமற்றவை. கேம் உண்மையில் பத்துக்கு ஏழு, அந்த ஏழு எதற்கு, போன மூன்று எதற்கு என்பதுதான் யாருக்கும் கிடைக்கவில்லை.

2012 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. பயோவேரின் எழுத்தாளர் ஒருவர், பெண், 2006இல் கொடுத்த ஒரு பேட்டியை யாரோ தோண்டி எடுத்தார்கள். வசனத்தைத் தாண்டிப் போக பட்டன் இருப்பதுபோலச் சண்டையைத் தாண்டிப் போகவும் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று அதில் சொல்லியிருந்தார். இரண்டாம் பாகத்தின் சண்டை கெட்டதற்கு இவர்தான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். கதை எழுதுகிறவர்! சண்டை வடிவமைப்பில் அவருக்கு என்ன வேலை? வசை, மிரட்டல், வீட்டுத் தொலைபேசி வரை போனது. அவர் பெயரை இங்கே எழுதவில்லை, போதுமான அளவு இழுபட்டுவிட்டது. அதைச் செய்தவர்கள் ஒரு கைப்பிடிதான், நம் எல்லோரும் இல்லை. சரி. ஆனால் ‘காரணம் யார்’ என்று ஆள் தேடும் பழக்கம், ‘காரணம் என்ன’ என்று கேட்காததிலிருந்து வந்தது. அது நம் எல்லோரிடமும் இருந்தது. 2024இல் வெய்ல்கார்டில் சாகாமலே ஆடும் தேர்வு வந்தது, பேரி (எதிரியின் அடியைத் தட்டிவிடும்) நேரத்தை நீட்டும் தேர்வு வந்தது, எதிரியின் உயிரை ஏற்றி இறக்கும் தேர்வு வந்தது. வானம் இடிந்து விழவில்லை. வேண்டாதவர்கள் அந்தப் பக்கத்தையே திறக்கவில்லை.

வெய்ல்கார்டுக்கு வருகிறேன். சில வருடம் மல்டிபிளேயராகக் கட்டப்பட்டு, பிறகு ஒருவர் ஆடும் கேமாகத் திருப்பப்பட்டது. இதில் நாயகப் பாத்திரமான ரூக்கை மட்டும்தான் நாம் ஆட முடியும். கூட வருவது இரண்டே பேர். ஒரு சக்கரத்தைத் திறந்து அவர்களின் மூன்று ஸ்கில்லில் ஒன்றை ஏவலாம். அவர்களுக்கு உயிர்க்கோடு கிடையாது; விழவே மாட்டார்கள்.

புதியவர்களே, இங்கே பழைய ஆட்கள் எரிச்சலடைவதை ‘ஏக்கம்’ என்று ஒதுக்காதீர்கள். விழாத கூட்டாளியைக் காப்பாற்ற வேண்டியதில்லை. காப்பாற்ற வேண்டாதவரை எங்கே நிறுத்துவது என்று யோசிக்க வேண்டியதில்லை. கதை முழுக்கக் ‘குழு, குடும்பம்’ என்று பேசிக்கொண்டே, சண்டையில் அவர்களை இரண்டு கூடுதல் பட்டன்களாக ஆக்கிவிட்டது. கதையில் யார் சாவார் என்று கேம் கடைசியில் பதற வைக்கிறது, ஆனால் அதுவரை நடந்த எல்லாச் சண்டையிலும் அவர்கள் சாகாவரம் பெற்றவர்கள். இந்த முரண் ஆரிஜின்ஸில் இல்லை, இரண்டாம் பாகத்திலும் இல்லை.

பழைய ஆட்களே, உங்களுக்கும் ஒன்று. வெய்ல்கார்டில் ஒருவர் எதிரியைப் பக்குவப்படுத்தி வைக்க, இன்னொருவர் வெடிக்க வைக்கிறாரே, அது எங்கிருந்து வந்தது? இரண்டாம் பாகத்தின் காம்போதான் வேறு பெயரில். நீங்கள் வெறுப்பதாகச் சொல்லும் கேமில் உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று இருக்கிறது. ஆரிஜின்ஸின் நாயகனான வார்டனாக மந்திரங்களை இணைத்து நீங்கள் வெடிக்க வைத்ததின் பேரன் அது. சண்டையின் கனமும் வேகமும் இத்தொடரில் இதுவரை இல்லாத அளவுக்குத் தேறியிருக்கிறது. அதை ஒத்துக்கொண்டால் உங்கள் குற்றச்சாட்டின் வலிமை குறையாது. கேட்பவர் காது கொடுப்பார்.

ஏனென்றால் நாம் தெளிவாகச் சொல்லாத இடத்தை இப்போது வேறொருவர் நிரப்புகிறார். 2025 ஜனவரியில் ஈஏ, வெய்ல்கார்டை அந்தக் காலாண்டில் சுமார் 15 லட்சம் பேர்தான் ஆடினார்கள், எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 50% குறைவு என்றது. அதே மாதம் பயோவேரில் பலரை வேறு ஸ்டூடியோக்களுக்கு மாற்றினார்கள், சிலருக்கு வேலை போனது. பிறகு முதலீட்டாளர்களிடம் பேசிய ஈஏவின் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ வில்சன், நல்ல கதையோடு சேர்த்துப் பலர் பகிர்ந்து ஆடும் உலக அம்சங்களையும் ஆட்டக்காரர்கள் தேடுகிறார்கள் என்கிற ரீதியில் காரணம் சொன்னார். அதாவது மல்டிபிளேயர்! நம்மில் யார் அதைக் கேட்டது? ஆரிஜின்ஸ்காரர் கேட்கவில்லை. இரண்டாம் பாகத்தைப் பத்து தடவை முடித்தவர் கேட்கவில்லை. ஹின்டர்லேண்ட்ஸில் ஷார்ட் துண்டுகளைத் தேடிப் பொறுக்கியவரும் கேட்கவில்லை. ஆனால் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது ‘விற்கவில்லை’, ‘பிடிக்கவில்லை’ என்ற இரண்டு தகவல்தான். மீதியை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘சண்டை மோசம்’ என்று எழுதத் தோன்றினால், எந்த அறையில், எந்த எதிரியோடு, எது நடந்ததால் மோசம் என்று ஒரு வரி சேருங்கள். எதை மாற்றக் கூடாது என்பதையும் எழுதுங்கள். அதை நாம் எழுதியதே இல்லை. ஒரு குறை தெரிந்தால், இது வேண்டுமென்று செய்ததா, முடிக்க நேரமில்லாமல் விட்டதா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். முதலாவது என்றால் வடிவமைத்தவர்களோடு வாதாடுங்கள். இரண்டாவது என்றால் தேதி குறித்தவர்களைக் கேளுங்கள். குகையை வரைந்தவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவருக்கும் அதே குகையைப் பார்த்துப் பார்த்து வெறுத்திருக்கும்.

இப்படிக் கேட்டால் கிடைக்குமா என்றால், ஒருமுறை கிடைத்திருக்கிறது. 2011 ஜூலையில் இரண்டாம் பாகத்துக்கு வந்த லெகசி டிஎல்சியை (கூடுதல் பகுதியை) ஆடியவர்களுக்குத் தெரியும். புது இடங்கள், அதே குகை இல்லை. அலைகளை அடக்கி வாசித்தார்கள். கடைசிச் சண்டையில் எங்கே நிற்கிறோம் என்பது மறுபடி முக்கியமானது. கன்சோலில் ஒவ்வொரு அடிக்கும் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததைப் பற்றிக் குறிப்பாகப் புகார் போனது. தானாக அடிக்கும் தேர்வைப் பேட்சில், அதாவது பின்னர் வந்த திருத்தத்தில், கொடுத்தார்கள். குறிப்பாகக் கேட்டவை வந்தன. பொதுவாகத் திட்டியவை ஹின்டர்லேண்ட்ஸாக வந்தன.

நானே தொடங்கி வைக்கிறேன். அடுத்த டிராகன் ஏஜ் என்று ஒன்று எப்போதாவது வந்தால் எனக்கு வேண்டியவை: நாலு பேரையும் என் கையில் கொடுங்கள். டாக்டிக்ஸ் பட்டியலைத் திருப்பிக் கொடுங்கள், வேண்டாதவர்களுக்கு மூடி வைக்க ஒரு வசதியோடு. ஃப்ரெண்ட்லி ஃபயரை (நம் அடி நம் ஆளுக்கும் விழுவதை) உச்ச லெவலில் மட்டும் பூட்டி வைக்காமல் தனித் தேர்வாக வையுங்கள். வெய்ல்கார்டின் வேகத்தில் கை வைக்காதீர்கள். ரைவல்ரி திரும்ப வேண்டும். இரண்டாம் பாகத்தில் எதிரித் தலைவன் அரிஷாக்கோடு தனியாக மோதச் சம்மதித்த மேஜ், கோட்டை மண்டபத்தின் தூண்களைச் சுற்றிச் சுற்றி ஓடியே ஜெயிக்க வேண்டியிருந்ததே, அரிஷாக் நடுவில் நின்று நிதானமாக மருந்து வேறு குடிப்பான். அப்படி ஒரு சண்டை மறுபடி வேண்டாம். அந்தச் சண்டை பிடிக்கும் என்பவர்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு என்று தெரியும். ஏன் பிடிக்கும் என்று எழுதுங்கள், படிக்கிறேன்.

இப்படிக்கு,
அவெலினை எப்போதும் முன்வரிசையில் நிறுத்தும் ஒரு ரசிகன்